மைதானத்தில் ஒரு முகவரி: கொல்கத்தாவின் இரு கால்பந்துக் கூட்டங்கள்

கால்பந்து ரசிகர்களின் குழுவெறியைக் கூட்டத்துக்கே உரிய மூர்க்கம் என்று சொல்லி ஒதுக்கிவிடும் வழக்கம் நெடுநாளாக இருந்துவருகிறது. கொல்கத்தாவின் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய இரு கழகங்களின் நூற்றாண்டு வரலாறு இந்த எளிய விளக்கத்துக்கு இடம் கொடுப்பதில்லை. அங்கே பகை எந்தக் குறையிலிருந்து முளைத்தது, எந்த இடப்பெயர்வால் வளர்ந்தது, எந்த நிர்வாகக் கோளாறால் உயிர்ப்பலியில் முடிந்தது என்பதை ஏறக்குறைய ஆண்டுவாரியாகவே காட்ட முடியும்.

1889இல் வடகொல்கத்தாவின் வசதியான குடும்பங்களின் ஆதரவில் தொடங்கப்பட்ட மோகன் பகான், 1911 ஜூலை 29 அன்று இந்தியக் கால்பந்துச் சங்கத்தின் (ஐ.எஃப்.ஏ.) கேடயப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவின் அணியை 2–1 என்ற கணக்கில் வென்றபோது, அந்த வெற்றி ஒரு கழகத்துக்கு உரியதாக மட்டும் பார்க்கப்படவில்லை. பூட்ஸ் அணிந்த வெள்ளைச் சிப்பாய்களை, ஒருவர் நீங்கலாக வெறுங்காலுடன் ஆடிய பதினொரு இந்தியர்கள் வீழ்த்திய செய்தி வங்கம் முழுவதற்குமான பெருமிதமாயிற்று. அந்தப் பதினொருவரில் பலர் வங்கத்தின் கிழக்கு மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள் என்பதை அன்று எவரும் பெரிதுபடுத்தவில்லை. மேற்கு, கிழக்கு என்ற கோடு அப்போது ஆடுகளத்துக்குள் வந்திருக்கவில்லை.

அந்தக் கோடு 1920இல் விழுந்தது. மோகன் பகானுக்கு எதிரான ஓர் ஆட்டத்தில், ஜோராபகான் கழகம் கிழக்கு வங்கத்தைச் சேர்ந்த சைலேஷ் போஸை அணியில் சேர்க்க மறுத்ததால், அக்கழகத்தின் துணைத்தலைவராக இருந்த சுரேஷ் சந்திர சௌத்ரி பதவியைத் துறந்து வெளியேறி, ஒத்த கருத்துடையவர்களோடு சேர்ந்து ஆகஸ்ட் 1 அன்று ஈஸ்ட் பெங்கால் கழகத்தைத் தொடங்கினார். அடுத்த உரசல் கொல்கத்தா லீக்கில் நேர்ந்தது. முதல் பிரிவில் இந்தியக் கழகங்களுக்கு இரண்டு இடங்கள் மட்டுமே என்றிருந்த விதியைத் தளர்த்தும் பேச்சு எழுந்தபோது, ஏற்கெனவே உள்ளே இருந்த மோகன் பகான் தங்களுக்குக் குறுக்கே நின்றது என்பது ஈஸ்ட் பெங்கால் ஆதரவாளர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் குறை. ஆக, இது விளையாட்டில் பிறந்த போட்டி என்பதைவிட, வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் மனத்தாங்கல் என்பதே பொருந்தும்.

கொல்கத்தாவின் பூர்வீகக் குடிகளும் மேற்கு வங்கத்தவரும் ‘கோட்டி’ என்றும், கிழக்கிலிருந்து வந்தவர்கள் ‘பாங்கால்’ என்றும் அழைக்கப்பட்டனர். பேச்சுவழக்கையும் சமையலையும் பற்றிய கேலியாக இருந்த இந்த வேறுபாடு, 1947இன் பிரிவினைக்குப் பிறகு வேறு கனம் பெற்றது. வீடும் நிலமும் எல்லைக்கு அப்பால் போய்விட, சியால்தா ரயில் நிலையத்தின் நடைமேடைகளிலேயே குடும்பங்கள் பாயை விரித்து மாதக்கணக்கில் வாழ்ந்தன. பின்னர் ஜாதவ்பூர் பக்கத்துத் தரிசு நிலங்களில் பட்டா ஏதுமின்றிக் குடிசை போட்டுக் குடியேறின. வலிந்து கைப்பற்றியவை என்ற பொருளில் ‘ஜபர்தகல்’ காலனிகள் என்று பெயர்பெற்ற அக்குடியிருப்புகளில், சொந்த ஊரின் பெயரை உரக்கச் சொல்லிக்கொள்ள ஓர் இடம் உண்டு என்றால் அது ஈஸ்ட் பெங்காலின் ஆட்டம் நடக்கும் மைதானத்தின் மரப்படிக்கட்டுகளே. அரசின் ஏடுகளில் அகதி என்று பதிவானவர், சிவப்பும் பொன்மஞ்சளும் கலந்த கொடியின் கீழே மட்டும் அகதியாக இல்லை. அந்தக் கழகம் வென்ற நாளில் ஹில்சா மீனும், மோகன் பகான் வென்ற நாளில் இறாலும் சந்தையில் விலையேறும் என்பது நகரத்தின் நடைமுறையாகவே ஆகிவிட்டது. வசவுகளும் அதே வரலாற்றிலிருந்துதான் எடுக்கப்பட்டன: எதிரணி ரசிகர்கள் ஈஸ்ட் பெங்கால்காரர்களை நோக்கி எல்லையின் முள்வேலியைக் குறிக்கும் ‘காண்ட்டாதார்’ என்ற சொல்லை வீசினர். இழந்த நிலத்தையே ஒருவர்மீது எறிவதைவிடக் கொடிய ஏச்சு இருக்க முடியாது.

ஆயினும் இந்தக் கூட்டங்களைப் பிணைத்தது இரத்தம் என்று நம்புவதற்குச் சான்றுகள் இடந்தரவில்லை. ஐம்பதுகளின் தொடக்கத்தில் அகதிக் குடியிருப்புகள் கொண்டாடிய ‘பஞ்ச பாண்டவர்’ எனப்பட்ட ஐந்து முன்கள வீரர்களான வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஆகிய அனைவரும் தென்னிந்தியர். மறுபுறம், மோகன் பகானின் தூண்களாக விளங்கிய கோஷ்ட பாலும் சுனி கோஸ்வாமியும் கிழக்கு வங்கத்தில் பிறந்தவர்கள். சேர்ந்திருக்கும் தேவைதான் முதலில் வந்தது. அதற்கேற்ற வம்சாவளி பிறகு கற்பிக்கப்பட்டது.

எழுபதுகளில் வேலையின்மையும் அரசியல் கொலைகளும் நகரத்தை வாட்டியபோது, இளைஞர்களின் மனத்தில் ஆட்டத்தின் முடிவு தாங்கமுடியாத எடை பெற்றது. 1975இன் ஐ.எஃப்.ஏ. கேடய இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானை 5–0 என்று வென்ற பிறகு, மோகன் பகான் ரசிகரான ஓர் இளைஞர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1980 ஆகஸ்ட் 16 அன்று, கிரிக்கெட்டுக்கென அமைந்த ஈடன் கார்டனில் இரு கழகங்களும் மோதிய லீக் ஆட்டம் நடந்தது. இரு தரப்பினரும் ஒரே பகுதியில் கலந்து அமர்த்தப்பட்டிருந்தனர். இரண்டாம் பாதியில் இரு அணிகளிலும் ஒவ்வொரு வீரர் மோதலில் இறங்க, நடுவர் இருவரையும் வெளியேற்றினார். அதைத் தொடர்ந்து படிக்கட்டுகளில் கைகலப்பும் கல்வீச்சும் மூண்டன. தப்பிக்க முயன்றவர்கள் வெளியேறும் வழிகளில் நெருக்குண்டு விழுந்தனர். களத்தில் ஆட்டம் நிற்காமல் தொடர்ந்து கோலின்றி முடிந்தது. படிக்கட்டுகளில் பதினாறு பேர் இறந்திருந்தனர். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது எதிரணி ரசிகரின் கை அன்று, நெரிசல்தான் என்பதை அழுத்தியே சொல்ல வேண்டும். வெறியின் பொறுப்பைக் குறைப்பதற்காக அன்று. அந்த வெறி தெரிந்த ஒன்றாக இருந்தும், இரு கூட்டத்தையும் கலந்து அமர்த்தி, போதிய பாதுகாப்பின்றி விட்டவர்களின் பொறுப்பு இன்றுவரை அதற்குரிய அளவில் பேசப்படாததால்.

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 அன்று கொல்கத்தாவில் அந்தப் பதினாறு பேரின் நினைவாக இரத்ததான முகாம்கள் நடப்பது வழக்கமாயிற்று. 1984இல் திறக்கப்பட்ட சால்ட் லேக் அரங்கில் 1997 ஜூலை 13 அன்று இரு அணிகளும் மோதிய கூட்டமைப்புக் கோப்பை அரையிறுதியைக் காண ஏறத்தாழ 1,31,000 பேர் கூடினர். ஈடனில் இருந்ததைவிடப் பெரிய கூட்டம், குறையாத பகை, ஆனால் ஈடனின் அழிவு திரும்பவில்லை. வன்முறை அற்றுப்போயிற்று என்றும் சொல்லிவிட முடியாது: 2012 டிசம்பரில் படிக்கட்டிலிருந்து பறந்த கல் மோகன் பகான் வீரர் ரஹீம் நபியின் முகத்தைக் காயப்படுத்தியதால், அவ்வணி இரண்டாம் பாதியில் களமிறங்க மறுத்தது.

பட்டாவில்லாத குடிசைகளின் நினைவு இன்றும் உயிரோடு இருக்கிறது. குடியுரிமை ஆவணங்கள் பற்றிய அச்சம் பரவிய 2020 ஜனவரியில், ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் தங்கள் மண் காகிதத்தால் பெற்றதன்று, இரத்தம் சிந்திப் பெற்றது என்ற பொருள்படும் பெரும் பதாகையைப் படிக்கட்டில் விரித்தனர். 2024 ஆகஸ்டில் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் ஒருவர் வன்கொடுமைக்குள்ளாகிக் கொல்லப்பட்டதை அடுத்து எழுந்த போராட்டங்களின் நடுவே, பாதுகாப்பைக் காரணம் காட்டி ஆகஸ்ட் 18ஆம் நாள் இரு அணிகளும் மோதவிருந்த டூராண்ட் கோப்பை ஆட்டம் கைவிடப்பட்டபோது, இரு கழகங்களின் ரசிகர்களும், நகரத்தின் மற்றொரு கழகமான முகமதன் ஸ்போர்ட்டிங்கின் ரசிகர்களும் தத்தம் கொடிகளோடு சால்ட் லேக் அரங்கின் வெளியே ஒன்றாகத் திரண்டு நீதி கேட்டனர். நூறாண்டுகளாக ஒருவரையொருவர் வென்று முழங்கப் பழகிய குரல்கள் அன்று ஒரே கோரிக்கையை முழங்க, காவல்துறை தடியடி நடத்தி அவர்களைக் கலைத்தது.