ட்ரையாஜ்

அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவர்களில் யாரை உடனே பார்ப்பது, யாரைச் சற்றுக் காத்திருக்கச் சொல்வது என்று தரம் பிரிக்கும் முறை. பிரித்தெடுத்தல் என்று பொருள்படும் ‘ட்ரியே’ என்ற பிரெஞ்சு வினையிலிருந்து வந்த பெயர். இன்று பெரும்பாலும் இதைச் செய்பவர் செவிலியர். தொடக்கத்தில் இது போர்க்களத்து அறுவை மருத்துவர்களின் வேலையாக இருந்தது.

நெப்போலியன் படையின் அறுவை மருத்துவர் டொமினிக் ஜான் லாரே, பதவியைப் பார்க்காமல் காயத்தின் கடுமையைப் பார்த்தார். தளபதியின் கையில் சிராய்ப்பு, சிப்பாயின் தொடையில் ரத்தப்பெருக்கு என்றால் சிப்பாய்தான் முதலில். அந்தக் காலத்துப் படையில் இது லேசான துணிச்சல் அல்ல. 1846இல் பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் ஜான் வில்சன் இன்னும் கறாராகப் பேசினார்: பிழைக்க வழியற்றவர்களும் லேசான காயக்காரர்களும் காத்திருக்கட்டும், உடனே கவனித்தால் பிழைக்கக்கூடியவர்களுக்கே கத்தியும் நேரமும்.

கிரிமியப் போரின்போது செவஸ்தோபோலில் ரஷ்ய மருத்துவர் நிக்கொலாய் பிரோகோவ், காயம்பட்டவர்கள் வந்திறங்கியதுமே அவர்களை வகை பிரித்தார். நம்பிக்கையற்றவர்கள் பாதிரியார்களிடமும் செவிலிச் சகோதரிகளிடமும் ஒப்படைக்கப்பட்டார்கள். ஆக, இந்த வரிசையில் செவிலியருக்கு முதலில் கிடைத்த இடம் கடைசி இடம். வாசலுக்கு வர நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

செவிலியரை வாசலுக்குக் கொண்டுவந்தது போர் அல்ல, கூட்டம். 1960களில் அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் சளி, காய்ச்சல்காரர்களும் மாரடைப்புக்காரர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வந்த வரிசைப்படி கூப்பிட்டால் யாராவது பெஞ்சிலேயே சாகலாம்.

1990களில் அளவுகோல்கள் வந்தன. மான்செஸ்டர் முறையில் ஐந்து நிறங்கள்: சிவப்பு உடனடி, ஆரஞ்சு 10 நிமிடம், மஞ்சள் 60, பச்சை 120, நீலம் 240. அதே பத்தாண்டின் இறுதியில் ரிச்சர்ட் வூர்ஸ், டேவிட் ஐட்டெல் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் வகுத்த ஐந்து படி முறை வேறு வழியில் போகிறது. உயிர்காக்கும் சிகிச்சை இந்த நொடியே தேவையா என்பது செவிலியர் தமக்குள் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி. அடுத்தது, காத்திருப்பது ஆபத்தா, திடீர்க் குழப்பமோ கடும் வலியோ உண்டா என்பது. அதன் பிறகுதான் ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எத்தனை வேண்டும் என்ற கணக்கு.

பெரும் விபத்தில் கணக்கு தலைகீழாகிவிடும். 1983இல் கலிஃபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சில் உருவான ‘ஸ்டார்ட்’ முறையில், எழுந்து நடப்பவருக்குப் பச்சை; மூச்சுக்குழாயைத் திறந்துவிட்டும் மூச்சு வராதவருக்குக் கறுப்பு. மருத்துவமனை வாசலில் முதலில் ஓடிப்போய்ப் பார்த்திருக்க வேண்டியவர், இங்கே கடைசி ஆள்.

இத்தனை முறைகள் வந்தும் ஏமாற்றும் நோயாளிகள் உண்டு. கத்துபவர் கவனத்தை இழுக்கிறார். மூலையில் வியர்த்து உட்கார்ந்திருக்கும் சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பிலும் நெஞ்சு வலிக்காமல் போகலாம். பச்சையில் இருப்பவர் ஒரு மணி நேரத்தில் சிவப்பாகலாம் என்பதால் காத்திருப்போரிடம் மறுபடி மறுபடி போய்ப் பார்ப்பதும் ட்ரையாஜின் பகுதியே. அப்போது அவசரத்தில் பலரும் விட்டுவிடுவது மூச்சு எண்ணிக்கை. பிரிட்டனில் 2012இல் வந்த முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில், நிமிடத்துக்கு 25 மூச்சோ அதற்கு மேலோ இருந்தால் அதற்கு மட்டுமே 3 மதிப்பெண். அதை எண்ண ஒரு கடிகாரமும், நோயாளியின் நெஞ்சைப் பார்த்தபடி நிற்க ஒரு நிமிடமும் போதும்.