பழுதான தட்டு எது? ஒரு சிறு விளக்கின் வரலாறு

2004 ஆம் ஆண்டின் ஒரு பிற்பகல். நான் அப்போது கடமையாற்றிய பத்திரிகை அலுவலகத்தின் சேவையகத்தில் நான்கு வன்தட்டுகள் இருந்தன. அவற்றுள் ஒன்று பழுதடைந்தது. ஒன்று பழுதடைந்தாலும் தரவு அழியாது என்று சொல்லித்தான் அந்த இயந்திரத்தை எமக்கு விற்றிருந்தார்கள். அது பொய்யுமன்று. திருத்த வந்த இளைஞர், திரையில் ‘தட்டு 3’ என்று இருப்பதைக் கண்டு, மேலிருந்து மூன்றாவது தட்டை இழுத்தெடுத்தார். இயந்திரமோ பூச்சியத்திலிருந்து எண்ணியிருந்தது. பழுதானது நான்காவது தட்டு. முழுத் தொகுதியும் நின்றுபோனது. பதற்றத்தில் அவர் புதிய தட்டைச் செருகி, தொகுதியைப் புதிதாக ஆரம்பிக்கும் கட்டளையையும் கொடுத்துவிட்டார்.

2002 இல் ஏ-9 வீதி திறக்கப்பட்ட நாட்களில் எமது படப்பிடிப்பாளர்கள் எடுத்த படங்கள் அதில் இருந்தன. அச்சில் வந்த சில படங்கள் பத்திரிகைத் தாளில் மங்கலாக எஞ்சியுள்ளன. மற்றவை எங்குமில்லை.

அந்த இளைஞரை அன்று நான் கடிந்துகொண்டேன். இத்துறையின் வரலாற்றைப் பின்னர் வாசித்தபோதுதான், அவருடைய தவறு அவருக்கு மட்டும் உரியதன்று என்பது விளங்கிற்று.

ஐ.பி.எம். நிறுவனம் 1956 செப்டெம்பரில் அறிமுகம் செய்த ‘றாமக்’ கணினியில்தான் முதன்முதலாக வன்தட்டு வணிகப் பயன்பாட்டுக்கு வந்தது. கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் றெனோல்ட் ஜோன்சன் தலைமையிலான குழு அதனை உருவாக்கியது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் ஒரே அச்சில் சுழன்றன. ஏறத்தாழ ஒரு தொன் எடையுள்ள அந்தச் சாதனம் 50 இலட்சம் எழுத்துகளைத் தாங்கியது. எந்தத் தட்டு பழுது என்ற குழப்பம் அன்று எழவில்லை. அறைக்குள் நின்றது ஒரே ஒரு சாதனம், பழுதென்றால் அதுதான்.

குழப்பத்துக்கான வித்து 1988 இல் ஊன்றப்பட்டது. பேர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பற்றர்சன், கார்த் கிப்சன், றண்டி கட்ஸ் ஆகிய மூவரும் அவ்வாண்டு ஒரு கட்டுரையை வெளியிட்டனர். பெரிய, விலையுயர்ந்த ஒரு வன்தட்டுக்குப் பதிலாக, தனியாள் கணினிகளுக்கென ஆக்கப்பட்ட மலிவான சிறு தட்டுகள் பலவற்றை அணிவகுத்து நிறுத்தலாம் என்பது அவர்களின் வாதம். அந்த ஏற்பாட்டுக்கு அவர்கள் இட்ட பெயர் ‘றெய்ட்’.

அதிலிருந்த இடரையும் அவர்களே கணக்கிட்டுக் காட்டினர். ஒரு தட்டு சராசரியாக 30,000 மணித்தியாலங்கள் உழைக்கும் எனக் கொள்வோம். அது மூன்று ஆண்டுகளுக்கும் மேல். அவ்வாறான 100 தட்டுகளை ஒன்றுசேர்த்தால், அவற்றுள் ஏதோவொன்று சராசரியாக 300 மணித்தியாலங்களுக்கு ஒருமுறை பழுதடையும். அது இரண்டு வாரங்களுக்கும் குறைவு.

இதற்கு மாற்று, மிகைத் தரவைச் சேர்த்து வைப்பது. 4, 7, 5 என்ற மூன்று எண்களை மூன்று தட்டுகளில் எழுதி, அவற்றின் கூட்டுத்தொகையான 16 ஐ நான்காவதில் எழுதுவதாக எண்ணிப் பாருங்கள். 7 இருந்த தட்டு அழிந்தால், 16 இலிருந்து 4 ஐயும் 5 ஐயும் கழித்து அதனை மீட்டுவிடலாம். உண்மையில் நடப்பது இருமக் கணிதம், தத்துவம் ஒன்றே. ஆனால் ஒரு தட்டு போன பின்னர், அதன் இடத்தில் புதிய தட்டு நிரப்பப்படும் வரை, தொகுதிக்குக் காப்பு எதுவுமில்லை. அந்த இடைவெளியில் இன்னொரு தட்டை யாரேனும் இழுத்தெடுத்தால், எஞ்சிய இரண்டு எண்களைக் கொண்டு எதையும் மீட்க முடியாது. எமது அலுவலகத்தில் நடந்ததும் இதுதான்.

ஆகவே, பழுதான தட்டு எது என்ற கேள்வியே அனைத்துக்கும் மேலானதாகியது. 1986 இல் தரப்படுத்தப்பட்ட ‘ஸ்கசி’ இணைப்பில் எட்டுச் சாதனங்களே இருக்க முடிந்தது. ஒவ்வொன்றின் எண்ணையும் சிறு உலோக இணைப்பிகளைப் பொருத்திக் கையாலேயே குறித்தார்கள். பின்னர் ஒரே பெட்டிக்குள் 12, 24, 60 எனத் தட்டுகள் நிறைந்தபோது அந்த முறை போதவில்லை. இயங்குதளம் தான் கண்டறியும் வரிசையில் தட்டுகளுக்குப் பெயரிடும். லினக்ஸில் அப்பெயர்கள் எஸ்.டி.ஏ., எஸ்.டி.பி., எஸ்.டி.சி. எனத் தொடரும். ஒரு தட்டு ஒருநாள் விழிக்காவிட்டால், அதற்குப் பின்னுள்ளவை ஒவ்வொரு பெயர் முன்னே நகர்ந்துவிடும். நேற்றைய எஸ்.டி.சி. இன்றைய எஸ்.டி.பி. ஆகிவிடும்.

இதற்கு இரண்டு தீர்வுகள் பிறந்தன. ஒன்று, மாறாத பெயர். தொழிற்சாலையிலேயே ஒவ்வொரு தட்டுக்கும் உலகளாவிய தனிப்பெயராக ஓர் எண்ணைப் பதித்தார்கள். தயாரிப்பாளரைக் குறிக்கும் பகுதியை மின், மின்னணுப் பொறியியலாளர்களின் சர்வதேச நிறுவகம் வழங்கும். எஞ்சியதைத் தயாரிப்பாளர் இடுவார். எனினும் அது தட்டு ‘யார்’ என்று சொல்லுமேயன்றி, ‘எங்கே’ இருக்கிறது என்று சொல்லாது.

‘எங்கே’ என்பதற்கு விடையளித்தது 1998 இல் அமெரிக்கத் தரமாக ஏற்கப்பட்ட ‘ஸ்கசி உறைச் சேவைகள்’ என்ற நெறிமுறை. தட்டுகளைத் தாங்கும் பெட்டிக்கே ஒரு சிறு அறிவு கொடுக்கப்பட்டது. மின்வழங்கி, காற்றாடி, வெப்பநிலை, ஒவ்வொரு செருகுகுழியின் நிலை ஆகியவற்றை அது சேவையகத்துக்கு அறிவிக்கும். எந்தக் குழியில் எந்த முகவரியுடைய தட்டு இருக்கிறது என்பதையும் அதனிடம் கேட்டறியலாம். கட்டளையிட்டால், குறித்த குழியின் முகப்பிலுள்ள சிறு விளக்கை அது ஒளிரச் செய்யும். 2008 இல் லினக்ஸ் கருவகமும் இந்த ஏற்பாட்டைத் தன்னுள் இணைத்துக்கொண்டது.

இந்த வரலாற்றின் முதல் பாத்திரங்கள் மீண்டும் அரங்கேறியதுதான் என் மனத்தைத் தொட்டது. பற்றர்சனும் அவரது மாணவர் ஆரன் பிறவுணும் 2001 இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பயிற்சி பெற்றவர்களிடம் றெய்ட் தொகுதிகளைக் கொடுத்து, பழுதான தட்டை மாற்றச் சொன்னார்கள். பயிற்சி இருந்தும், தவறான தட்டை அகற்றித் தரவை அழித்தவர்கள் இருந்தார்கள். கிப்சன், பியாங்கா ஷ்ரோடருடன் இணைந்து 2007 இல் ஏறத்தாழ ஒரு இலட்சம் தட்டுகளை ஆராய்ந்தார். ஆண்டுக்கு 0.88 வீதத்துக்கு மேல் பழுதாகாது என்பதே தயாரிப்பாளர்களின் கணக்கு. களத்தில் மாற்றப்பட்டவையோ பொதுவாக 2 முதல் 4 வீதம். சில இடங்களில் 13 வீதம் வரை. தட்டுகள் சொல்லப்பட்டதைவிட அதிகமாக மடிகின்றன, கைகளும் தவறுகின்றன.

அந்தச் சிறு விளக்கையும் முழுமையாக நம்பிவிட முடியாது. முற்றாகச் செயலிழந்த தட்டு தன் பெயரைச் சொல்லாது. அதனால், அனைத்தும் நலமாக இருக்கும் நாளிலேயே எந்தக் குழியில் எந்தத் தொடரிலக்கமுடைய தட்டு இருக்கிறது என்பதை எழுதி, பெட்டியின் மேலேயே ஒட்டிவைக்க வேண்டும். கழற்றும் முன்னர் இன்னொருவரை அழைத்துக் காட்ட வேண்டும். கழற்றியதும், வேறொன்றையும் தொடாமல், முகப்பிலுள்ள தொடரிலக்கத்தைப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னதாக, வேறோர் இடத்தில் ஒரு பிரதி இருக்க வேண்டும். றெய்ட் என்பது பிரதியாகாது.

எம்மிடம் அன்று பட்டியலும் இருக்கவில்லை, பிரதியும் இருக்கவில்லை. அவற்றைக் கேட்டு வாங்கும் பொறுப்பு அந்த இளைஞருக்கு முன்னரே எமக்கு இருந்தது. பத்திரிகைக்காரர்களாகிய நாம் ஊரிலுள்ளோர் பெயர்களையெல்லாம் பிழையின்றிப் பதிவுசெய்தோம். எமது நினைவுகளைச் சுமந்து நின்ற நான்கு தட்டுகளின் பெயர்களை எழுதி வைக்க மறந்துபோனோம்.