பொய்முடியின் சுருளும் சியோல் தொழிலாளர் பெண்களும்

செயற்கை இழைப் பொய்முடியைப் பேணும் விதிகள் எளியவை. குளிர்ந்த நீரில் சிறிது ஷாம்பூ கலந்து அமிழ்த்தி எடுக்க வேண்டும். தேய்க்கவோ முறுக்கிப் பிழியவோ கூடாது. தாங்கியில் மாட்டித் தானே உலரவிட வேண்டும். ஈரம் காயும் முன் சீவக் கூடாது. அடுப்பின் அனலும் சூடான முடியுலர்த்தியும் அண்டக் கூடாது. இவ்வளவு செய்தால் சுருள் குலையாது. இந்த எளிமைக்கும் 1979ஆம் ஆண்டின் தென்கொரிய அரசியலுக்கும் தொடர்பு உண்டு என்பது பொய்முடியின் வரலாற்றில் அதிகம் கவனிக்கப்படாத ஒன்று.

மனித மயிரில் இட்ட சுருளைத் தாங்குபவை ஹைட்ரஜன் பிணைப்புகள். நீர் பட்டால் அவை அவிழும். ஆகவே மனித மயிரால் ஆன பொய்முடியை ஒவ்வொரு முறை கழுவிய பின்னும் மீண்டும் சுருட்டி ஒப்பனை செய்ய வேண்டும். ஜப்பானில் 1957இல் வணிக உற்பத்திக்கு வந்த கனேகலோன் போன்ற மோடாக்ரிலிக் இழைகளின் இயல்பு வேறு. அவை வெப்பத்தில் இளகி, ஆறியதும் இறுகுபவை. குழலில் சுற்றிச் சூடேற்றி ஆறவைத்தால் பெற்ற வடிவத்தைக் கழுவிய பின்னும் தக்கவைத்துக்கொள்ளும். அவ்வடிவத்தைக் கலைக்க வல்லது மிகுந்த வெப்பமே. பேணும் விதிகளில் வெப்பத்தைப் பற்றிய எச்சரிக்கை மேலோங்கியிருப்பது இதனால்தான்.

1960களில் அமெரிக்கப் பெண்களிடையே பொய்முடி அன்றாட அணியாகப் பரவியபோது, இவ்வியல்பு பெரும் வசதியாக விளம்பரப்படுத்தப்பட்டது. அழகு நிலையத்துக்குச் செல்லும் நேரமும் செலவும் மிஞ்சின. ஆனால் முடியைச் சுருட்டும் உழைப்பு மறைந்துவிடவில்லை. அழகு நிலையத்திலிருந்து தொழிற்சாலைக்கு இடம்பெயர்ந்தது. இழையைக் குழல்களில் சுற்றுவது, சூடேற்றுவது, சரங்களாகத் தைப்பது, தொப்பியில் பொருத்துவது, சீவி வடிவமைப்பது ஆகிய அனைத்தும் பல கைகள் வேண்டும் வேலைகள்.

அக்கைகள் பெரும்பாலும் தென்கொரியாவில் இருந்தன. 1960களின் நடுவில், கம்யூனிச சீனாவின் மயிரால் ஆன பொய்முடிகளுக்கு அமெரிக்கா தடை விதித்தது. அதனால் திறந்த சந்தையைத் தென்கொரியா விரைந்து பற்றிக்கொண்டது. 1970இல் அந்நாட்டின் ஏற்றுமதியில் பொய்முடி ஏறத்தாழ 9 விழுக்காடாக உயர்ந்தது. கிராமங்களிலிருந்து சியோலுக்கு வந்த இளம்பெண்கள் விடுதிகளில் தங்கி நெடுநேரம் உழைத்தனர். 1966இல் தொடங்கப்பட்ட ஒய்.எச். வணிக நிறுவனத்தில் 1970 அளவில் சுமார் 4,000 பேர் வேலை செய்தனர்.

பின்னர் பொய்முடி மோகம் தணிந்தது, ஆட்குறைப்பு தொடர்ந்தது. 1975இல் ஒய்.எச். தொழிலாளர்கள் சங்கம் அமைத்தனர். 1979இல் நிறுவனம் மூடல் அறிவித்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 9 அன்று, வேலையை மீட்டுத்தரக் கோரி, ஏறத்தாழ 190 பெண்கள் எதிர்க்கட்சியான புதிய ஜனநாயகக் கட்சியின் தலைமையகத்தில் தஞ்சம் புகுந்தனர். ஆகஸ்ட் 11 அதிகாலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காவலர்கள் உள்ளே நுழைந்து அவர்களை இழுத்து வெளியேற்றினர். கிம் கியோங்-சுக் என்ற இளம் தொழிலாளி உயிரிழந்தார். அவர் தற்கொலை செய்துகொண்டதாகக் காவல்துறை அன்று கூறியதை 2008இல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் மறுத்தது.

எதிர்க்கட்சித் தலைவர் கிம் யோங்-சாம் அப்பெண்களுக்கு அரணாக நின்றவர். அவர் அக்டோபர் 4 அன்று நாடாளுமன்றத்திலிருந்து நீக்கப்பட்டார். அவருடைய ஆதரவுத் தளமான பூசானிலும் அருகிலுள்ள மாசானிலும் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சியை எப்படிக் கையாள்வது என்பதில் ஆட்சியின் உள்வட்டம் பிளவுபட்டது. அக்டோபர் 26 அன்று அதிபர் பார்க் சுங்-ஹீ தம் உளவுத்துறைத் தலைவராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு தொழிற்சாலை மூடல் மட்டுமே பதினெட்டு ஆண்டு ஆட்சியை வீழ்த்தியது எனக் கூறுவது மிகையாகும். பணவீக்கமும் நீண்டகால அடக்குமுறையும் முன்பே நிலத்தைப் பக்குவப்படுத்தியிருந்தன. எனினும் அந்நிகழ்ச்சித் தொடரின் முதல் கண்ணி அப்பெண்களின் போராட்டமே.

பொய்முடியை அணிந்தவர்களின் வரலாறு நாகரிக வரலாற்றிலும், செய்தவர்களின் வரலாறு தொழிலாளர் வரலாற்றிலும் தனித்தனியே எழுதப்படுகின்றன. கழுவினாலும் குலையாத அச்சுருளில் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. ஒரு பொருள் பராமரிப்பு வேண்டாதது என்று விற்கப்படும்போது, அப்பராமரிப்பை முன்கூட்டியே செய்து முடித்தவர் யார், அதற்கு அவர் பெற்ற கூலி எவ்வளவு என்பன வரலாற்று மாணவர் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள்.