பெயருக்குள் மறைந்த நோய்

மருத்துவ அறிஞர் ஒரு நோய்க்குப் பெயர் இடும்பொழுது, அன்று தமக்கிருக்கும் அறிவை ஒரு சொல்லுக்குள் அடக்கி வைக்கிறார்கள். அறிவு பின்னர் வளர்கிறது. சொல்லோ பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நின்றுவிடுகிறது. அவ்வாறு நின்றுவிட்ட ஒரு சொல்லின் வரலாற்றை இங்கே காண்போம். ‘கார்சினாய்டு’ என்பது அச்சொல். ‘புற்றுநோய் போன்றது’ என்பது அதன் பொருள். ஒன்றைப் ‘போன்றது’ என்றால் அதுவே அன்று என மனம் ஆறுதல் கொள்வது மக்கள் இயல்பு. அந்த ஆறுதல் எத்துணைக் காலம் நீடித்தது, அதை நீக்க எத்தனை பேர் உழைத்தார்கள் என்பதே நம் பொருள்.

1869ஆம் ஆண்டு, பெர்லின் நகரில் பால் லாங்கர்ஹான்ஸ் என்னும் இருபத்தோரு வயது மாணவர் கணையத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். செரிமான நீரைச் சுரக்கும் உயிரணுக்களுக்கு நடுவே, கடலில் தீவுகள் கிடப்பதுபோல, வேறுவகை உயிரணுக்கள் திட்டுத் திட்டாக இருப்பதைக் கண்டார். அவற்றின் தொழில் யாது என்று அவர் அறியவில்லை. கண்டதை மட்டும் எழுதி வைத்தார். 1897இல் ருஷ்ய அறிஞர் குல்சிட்ஸ்கி குடலின் உட்சுவரில் தனித்தன்மையுடைய சில உயிரணுக்களை விவரித்தார். அவற்றின் பயனும் அன்று விளங்கவில்லை.

இதற்கிடையே நோயாளிகளும் இருந்தனர். 1888இல் ஜெர்மானிய அறிஞர் லூபார்ஷ், பிரேத பரிசோதனையில் இருவருடைய சிறுகுடலில் சிறு சிறு கட்டிகள் பல இருக்கக் கண்டார். 1890இல் வில்லியம் ரான்சம் என்னும் ஆங்கில மருத்துவர், உணவு கொண்டவுடன் பேதியும் மூச்சிரைப்பும் வந்து வருந்திய ஒரு பெண்மணியைப் பற்றி எழுதினார். அவருக்குக் குடலிலும் கல்லீரலிலும் கட்டிகள் இருந்தன. குடற்கட்டிக்கும் மூச்சிரைப்புக்கும் என்ன உறவு? அக்காலத்தில் அதற்கு விடை கூறுவார் இல்லை.

பெயர் பிறந்தது 1907இல். மூனிக் நகரத்து நோயியல் அறிஞர் சீக்ஃபிரீட் ஓபர்ன்டார்ஃபர், சிறுகுடலில் தோன்றிய இத்தகைய கட்டிகள் ஆறினை ஆராய்ந்தார். அவை சிறியன, மெல்ல வளர்வன, எல்லை தெளிவாக உடையன, வேறு உறுப்புகளுக்குப் பரவியதாகத் தெரியவில்லை. நுண்ணோக்கியில் புற்றுநோயின் சாயல் தோன்றினும், நடத்தையில் அதன் கொடுமை காணப்படவில்லை. ஆகவே ‘கார்சினாய்டு’ என்று பெயரிட்டார். கையில் இருந்த சான்றுக்கு அப்பெயர் பொருத்தமானதே.

அந்த ஆண்டுகளிலேயே வேறொரு துறையிலும் விழிப்பு உண்டாயிற்று. 1902இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்னும் இருவர், குடற்சுவரில் பிறக்கும் ஒரு பொருள் இரத்தத்தில் கலந்து சென்று கணையத்தை நீர் சுரக்கச் செய்கிறது என்று மெய்ப்பித்தார்கள். நரம்பின் துணையின்றியே ஓர் உறுப்பு மற்றோர் உறுப்புக்குச் செய்தி அனுப்ப முடியும் என்பது இதனால் புலப்பட்டது. இத்தகைய தூதுப் பொருள்களுக்கு ‘ஹார்மோன்’ என்னும் பெயரை 1905இல் ஸ்டார்லிங் வழங்கினார். நாம் உண்ட உணவை அரைக்கும் குழாயாக எண்ணியிருந்த குடல், ஒரு பெரிய சுரப்பியுமாகும் என்பது தெரியவந்தது. 1914இல் பிரெஞ்சு அறிஞர் பியேர் மாஸோன், வெள்ளி உப்பினால் சாயம் ஏற்றிப் பார்த்து, ‘கார்சினாய்டு’ கட்டிகள் ஹார்மோன் சுரக்கும் குடல் உயிரணுக்களிலிருந்து தோன்றுவன என்று காட்டினார். குல்சிட்ஸ்கி கண்ட உயிரணுக்களுக்கு இப்போது பொருள் கிடைத்தது.

லாங்கர்ஹான்ஸின் தீவுகளுக்கும் அவ்வாறே விளக்கம் வந்தது. 1921-22இல் டொரான்டோவில் இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்டது. அது பிறக்குமிடம் அத்தீவுகளே. 1926இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனைக்கு ஒரு நோயாளி வந்தார். அவரும் ஓர் அறுவை மருத்துவர். இரத்தத்தில் சர்க்கரை திடீர் திடீரெனத் தாழ்ந்து, மயக்கமுற்று விழுந்துகொண்டிருந்தார். வயிற்றைத் திறந்து பார்த்தபோது, கணையத்தில் கட்டி தோன்றிக் கல்லீரலுக்கும் பரவியிருந்தது. அவர் பிழைக்கவில்லை. பின்னர் அக்கட்டியிலிருந்து எடுத்த சாறு இன்சுலின் போலவே சர்க்கரையைத் தாழ்த்தியதை வைல்டரும் அவருடைய துணைவர்களும் 1927இல் வெளியிட்டார்கள். சுரப்பியில் தோன்றும் கட்டி, அச்சுரப்பியின் வேலையை அளவின்றிச் செய்து கொண்டிருக்கும் என்னும் உண்மை இதனால் தெளிவாயிற்று. ஈராண்டுகளில், 1929இல், டொரான்டோவில் ராஸ்கோ கிரகாம் இத்தகைய சிறு கட்டியொன்றை அகற்றினார். அந்நோயாளி நலம் பெற்றார்.

அதே 1929இல் நிகழ்ந்த மற்றொரு நிகழ்ச்சியை மாணவர்கள் சிறப்பாக நினைவில் வைக்க வேண்டும். பெயரிட்ட ஓபர்ன்டார்ஃபர் இருபத்திரண்டு ஆண்டுகளாக மேலும் பல கட்டிகளைத் திரட்டி ஆராய்ந்து வந்தார். முடிவில், இவை தீங்கற்றன என்று முன்பு எழுதியதைத் தாமே திருத்தினார். இவற்றுள் சில பரவக் கூடியன, உயிரைக் கொள்ளக் கூடியன என்று பதிவு செய்தார். தாம் படைத்த சொல்லின் புகழை விடச் சான்றையே அவர் பெரிதாகக் கருதினார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1933இல், அவர் யூதர் என்ற காரணத்தால் நாஜி ஆட்சி அவரைப் பதவியிலிருந்து நீக்கிற்று. துருக்கி நாடு அவரை ஏற்றது. இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகப் பணியாற்றி 1944இல் அவர் மறைந்தார்.

ஆசிரியர் திருத்திய பின்னரும் உலகம் திருந்தவில்லை. பெயர் பழையதாகவே வழங்கிற்று. அதனோடு ‘இது பெருந்தீங்கு செய்யாது’ என்னும் எண்ணமும் வழங்கிற்று. ரான்சம் கண்ட புதிருக்கு விடை 1950களில்தான் கிடைத்தது. 1948இல் அமெரிக்காவில் செரோடோனின் என்னும் பொருள் பிரிக்கப்பட்டது. அதுவும், இத்தாலியில் எர்ஸ்பமேர் குடலில் முன்பே கண்டிருந்த பொருளும் ஒன்றே என்பது 1952இல் உறுதியாயிற்று. அடுத்த ஆண்டு லெம்பெக் அதனைக் கார்சினாய்டுக் கட்டிக்குள்ளேயே கண்டார். குடலிலிருந்து வரும் இரத்தம் முதலில் கல்லீரலுக்குச் செல்கிறது. அங்கே செரோடோனின் சிதைக்கப்படுவதால், கட்டி குடலளவில் இருக்கும் வரை நோயாளிக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரிவதில்லை. கட்டி கல்லீரலுக்கே பரவிய பின்னர், சுரப்பு நேராக உடலெங்கும் கலக்கிறது. முகம் சிவக்கிறது, பேதியும் மூச்சிரைப்பும் தோன்றுகின்றன. நோய் தன்னை வெளிக்காட்டும்போது காலம் கடந்திருப்பது இதனாலேயே. 1955இல் ஸோலிங்கர், எலிசன் என்னும் அறுவை மருத்துவர் இருவர், ஆறாத வயிற்றுப்புண் சிலருக்குக் கணையக் கட்டியால் வருவதையும் காட்டினர். வயிற்றுப்புண் என்றும் ஆஸ்துமா என்றும் மருந்துண்டு வந்தவர்களில் சிலருக்கு மெய்யான நோய் வேறாக இருந்தது.

மருந்து பிறந்த கதை இன்பமானது. 1973இல் கியெமான் என்பாரின் ஆய்வுக்கூடத்தில் சோமட்டோஸ்டாட்டின் என்னும் ஹார்மோன் கண்டறியப்பட்டது. பிற சுரப்புகளை அடக்குவது அதன் தொழில். ஆனால் இரத்தத்தில் அது சில நிமிடங்களே நிற்கும். நெடுநேரம் நிற்கும் ஆக்ட்ரியோடைடு என்னும் செயற்கை வடிவம் 1980களில் வந்து, இந்நோயாளிகளின் துன்பத்தைத் தணித்தது. இக்கட்டிகளின் உயிரணுக்கள் பலவற்றின் மேற்புறத்தில் சோமட்டோஸ்டாட்டினைப் பற்றிக்கொள்ளும் கொக்கிகள் உண்டு. அக்கொக்கியில் சென்று மாட்டும் மருந்தோடு கதிரியக்கப் பொருளை இணைத்து அனுப்பினால், அது கட்டியைத் தேடிச் சென்று சுடும். லுட்டீசியம்-177 என்பது அப்பொருள். ஏறத்தாழ ஆறரை நாளில் அதன் கதிரியக்கம் பாதியாகக் குறையும். அதன் பீட்டாக் கதிர் திசுவில் இரண்டு மில்லிமீட்டர் அளவே பாயும்.

இதில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தில் 1985இல் இயங்கத் தொடங்கிய துருவா அணு உலையில் லுட்டீசியம்-177 ஆக்கப்பட்டது. மும்பை பரேலில் உள்ள கதிரியக்க மருத்துவ மையம் அதனைக் கொண்டு இந்நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தது. அமெரிக்க அரசு 2018இல் இச்சிகிச்சைக்கு அனுமதி தருவதற்கு முன்னரே, இந்திய மருத்துவமனைகளில் அது வழங்கப்பட்டு வந்தது.

அதே 2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், இர்ஃபான் கான் என்னும் புகழ்பெற்ற நடிகர் தமக்கு நியூரோ எண்டோகிரைன் கட்டி வந்திருப்பதாக அறிவித்தார். அச்சொல்லை நம் நாட்டு மக்கள் பலர் முதன்முறை கேட்டது அன்றுதான். மதுரை கே.கே. நகரில் என்னிடம் பாடம் கேட்க வரும் பிள்ளைகளுள் ஒருவன், “ஐயா, நியூரோ என்றால் நரம்பு அல்லவா? கட்டி மூளையிலா இருக்கிறது?” என்று வினவினான். நல்ல வினா. நியூரோ என்ற சொல் மூளையையே எப்போதும் குறிப்பதன்று என அந்நடிகரே தம் அறிக்கையில் விளக்க வேண்டியிருந்தது. 2020 ஏப்ரல் 29இல், தமது ஐம்பத்து மூன்றாம் வயதில், அவர் மும்பையில் காலமானார்.

உலக சுகாதார நிறுவனம் 2000ஆம் ஆண்டு வகைப்பாட்டில் பழைய பெயரை விலக்கி இப்புதிய பெயரை முன்வைத்தது. இவ்வகைக் கட்டி எதுவாயினும் பரவும் ஆற்றல் உடையது எனக் கொண்டு, உயிரணுக்கள் பெருகும் வேகத்தால் தரம் பிரிக்கும் முறையை 2010இல் வலியுறுத்தியது. ஓபர்ன்டார்ஃபர் 1929இல் எழுதிய உண்மை, பெயரளவிலும் ஏற்கப்பட எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. புதிய பெயரும் குறையற்றதன்று. இவ்வுயிரணுக்கள் நரம்பின் மூலத்திலிருந்து பிறந்தவை என்று 1960களில் பியர்ஸ் என்னும் அறிஞர் கருதினார். காடை, கோழிக் கருக்களைக் கொண்டு நிகோல் லெ துவாரின் அம்மையார் செய்த சோதனைகள், அவை குடற்பகுதியிலேயே தோன்றுவன எனக் காட்டின. நரம்பணுக்களைப் போலத் தூதுப் பொருள்களைச் சேர்த்து வைத்து வெளியிடுவதால் ‘நியூரோ’ என்னும் அடைமொழி நிலைத்தது.

மாணவர்களே, பாடநூலில் ஒரு பெயரைக் கற்றவுடன் பொருளைக் கற்றுவிட்டோம் என்று நிறைவடையாதீர்கள். அப்பெயரை யார் இட்டார், எத்தனை சான்று கொண்டு இட்டார், பின்னர் என்ன தெரியவந்தது என்று கேளுங்கள். ஆறு கட்டிகளைக் கண்டு ஒருவர் பெயரிட்டார். மேலும் பலவற்றைக் கண்டபின் அவரே அதனைத் திருத்தினார். பெயரைப் படித்தவர்கள் பலர். திருத்தத்தைப் படித்தவர்கள் சிலர். அந்தச் சிலருள் நீங்கள் இருங்கள்.