ஆசிரியரே பதிப்பாளர்: தமிழில் சுயபதிப்பின் வரலாறு

நூலை எழுதியவரே அச்சுக்கூலியும் கொடுத்து, அட்டையும் போட்டு, விற்றுத் தீர்க்கும் பாரத்தையும் சுமப்பது சுயபதிப்பு. பதிப்பகங்கள் கைவிட்டவர்கள் போகும் வழி என்று இன்று பலரும் அதை நினைக்கிறார்கள். ஆனால் தமிழில் பதிப்பகம் என்ற தொழில் காலூன்றுவதற்கு முன்பே சுயபதிப்பு வந்துவிட்டது. சங்க நூல்கள் சிலவற்றின் முதல் அச்சும், பாரதியின் முதல் கவிதைத் தொகுப்பும், புதுக்கவிதையின் தொடக்க நூல்களும் எழுதியவர் அல்லது பதிப்பித்தவர் கைக்காசிலோ கடனிலோ வந்தவை. அச்சடிப்பது தலைமுறைக்குத் தலைமுறை எளிதாகிக்கொண்டே வந்திருக்கிறது. அச்சடித்ததை வாசகர் கையில் சேர்ப்பது மட்டும் அந்த வேகத்தில் எளிதாகவில்லை.

1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானது முதல் ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகள் தமிழ் அச்சு பெரும்பாலும் மிஷனரிகள் கையிலும் கம்பெனி அரசின் கையிலும் இருந்தது. 1835இல் கவர்னர் ஜெனரல் பொறுப்பிலிருந்த மெட்காஃப் கொண்டுவந்த சட்டம் அச்சகம் வைப்பதற்கிருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. அதன்பின் உள்ளூர்ப் புலவர்களும் அச்சு எந்திரம் வாங்கத் துணிந்தார்கள். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் அச்சு எந்திரம் வாங்குவதற்காகவே 1849இல் சென்னைக்கு வந்தார். அந்தப் பயணத்தில்தான் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் பட்டம் அளித்தது. வண்ணார்பண்ணையில் அவர் நிறுவிய வித்தியாநுபாலன யந்திரசாலையில் பாலபாடங்களும் சமய நூல்களும் அச்சாயின. எழுதியவர், பிழை திருத்தியவர், அச்சக உரிமையாளர் எல்லாம் அவரே. பிழையற்ற அச்சு என்ற மதிப்பு அவர் பதிப்புகளுக்குக் கிடைத்ததற்கு இது ஒரு காரணம்.

நாவலரை அடுத்து வந்த சி.வை.தாமோதரம் பிள்ளைக்கு உத்தியோகச் சம்பளம் முதலாக அமைந்தது. வீரசோழியம் (1881), தொல்காப்பியப் பொருளதிகாரம் நச்சினார்க்கினியர் உரையுடன் (1885), கலித்தொகை (1887) என ஏடுகளைத் தேடிச் சேர்த்து அச்சேற்றினார். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையருக்கு அந்த அளவு வசதி இல்லை. சீவக சிந்தாமணியை அச்சிட அவர் கைக்கொண்டது ‘கையொப்பம்’ வாங்கும் முறை. நூல் வெளிவந்ததும் இத்தனை பிரதி வாங்கிக்கொள்கிறேன், இவ்வளவு தொகை தருகிறேன் என்று வசதியுள்ளவர்களிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்க வேண்டும். பிறகு தொகையை வசூலிக்க வேண்டும். விடுமுறை நாட்களில் சென்னைக்குப் போய் அச்சகத்திலேயே கிடந்து புரூஃப் பார்க்க வேண்டும். 1887இல் சிந்தாமணி வெளிவந்தது. பத்துப்பாட்டு 1889இல், சிலப்பதிகாரம் 1892இல், புறநானூறு 1894இல், மணிமேகலை 1898இல் வந்தன. கையெழுத்துக்காக ஏறிய படிகளையும், அச்சகத்துக்குக் கொடுக்கப் பணம் திரட்டிய பாட்டையும் ‘என் சரித்திரம்’ நூலில் அவரே விரிவாகச் சொல்லியிருக்கிறார். ஒரு செம்பதிப்பு எப்படி உருவாகிறது என்பதற்கும், நூல் விற்பனை எத்தனை கசப்பானது என்பதற்கும் தமிழில் அதைவிடச் சிறந்த ஆவணம் கிடைப்பது அரிது.

புலவர் உலகத்துக்கு வெளியே, தெருவில், இன்னொரு சுயபதிப்பு செழித்தது. கொலை வழக்கு, ரயில் விபத்து, வெள்ளம் என எது நடந்தாலும் சில நாட்களில் அதைச் சிந்தாகவோ கும்மியாகவோ பாடி, எட்டுப் பக்கம் பதினாறு பக்கம் மலிவுத் தாளில் அச்சடித்து, சந்தையிலும் ரயிலிலும் பாடிக்கொண்டே விற்றார்கள். சென்னைக் குஜிலிக் கடைத்தெருவின் பெயரால் இவை குஜிலி நூல்கள் எனப்பட்டன. இவற்றைத் தேடித் தொகுத்து ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ஆ.இரா.வேங்கடாசலபதி, இவற்றை முச்சந்தி இலக்கியம் என்கிறார். ஆதீனத்தின் ஆதரவோ ஜமீனின் கொடையோ இல்லாமல், சில்லறைக் காசு கொடுத்த வாசகரை மட்டும் நம்பி நடந்த வாணிபம் இது. தமிழில் வாசகச் சந்தையை முதலில் கண்டுகொண்டவர்கள் இந்தப் பெயர் தெரியாத பாட்டுக்காரர்கள்தாம் என்று சொல்வது மிகையாகாது.

அந்தச் சந்தையைப் பெரிய அளவில் கனவு கண்டவர் சுப்பிரமணிய பாரதி. 1907இல் அவருடைய மூன்று பாடல்களை வி.கிருஷ்ணசாமி ஐயர் 15,000 பிரதி அச்சிட்டு இலவசமாக வழங்கினார். அடுத்த ஆண்டு பாரதி தாமே ‘ஸ்வதேச கீதங்கள்’ தொகுப்பை வெளியிட்டார். ‘பாஞ்சாலி சபத’த்தின் முதற்பாகம் 1912இல் புதுவையில் அவர் முயற்சியில் வந்தது. 1920இல் அவர் நண்பர்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையை இன்று படித்தாலும் மலைப்பு வரும். தம் கையெழுத்துப் பிரதிகளை 40 நூல்களாகப் பிரிப்பது, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி போடுவது, தொடக்கச் செலவுக்கு 20,000 ரூபாயைக் கடனாகத் திரட்டி வட்டியோடு திருப்புவது என்று திட்டம் போட்டிருந்தார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் வீடுதோறும் போவதைவிடச் சாதாரணமாகத் தம் நூல்கள் போகும் என்று நம்பினார். தலைப்பு, படிகள், முதலீடு, வட்டி, விற்பனை எல்லாம் அதில் இருந்தன. பணம் மட்டும் வரவில்லை. 1921 செப்டம்பரில் அவர் மறைந்தார். செல்லம்மாள் பாரதி ஆசிரமம் என்ற பெயரில் கணவரின் பாடல்களை 1922இல் அச்சிட்டார். பின்னால் பாரதி பிரசுராலயம் அந்தப் பணியைத் தொடர்ந்தது. 1949இல் சென்னை அரசு பதிப்புரிமையை வாங்கியது. பத்தாயிரம் பிரதி என்று பாரதி போட்ட கணக்கு பைத்தியக்காரத்தனம் இல்லை என்பதைப் பிற்கால மலிவுப் பதிப்புகள் காட்டின.

பாரதிக்குக் கைகூடாத ஒன்றை வை.மு.கோதைநாயகி சாதித்தார். பள்ளிக்கூடம் போகாத அவர் தம் முதல் நாடகத்தைத் தோழி ஒருவர் எழுதிக்கொள்ளச் சொல்லிச் சொல்லி உருவாக்கினார். 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். நாவல்கள் அதில் தொடராக வந்து நூலாகும். சொந்த அச்சகமும் வைத்துக்கொண்டார். அவர் எழுதிய நாவல்கள் 115. இதழுக்குச் சந்தா கட்டியவர்களே நூலுக்கும் வாசகர்கள் என்பதால், அச்சடித்தது யாரிடம் போய்ச் சேரும் என்ற கவலை அவருக்குக் குறைவு. மறைமலையடிகளும் பல்லாவரத்தில் அச்சுக்கூடம் வைத்துத் தம் நூல்களைத் தாமே வெளியிட்டார். ஆனால் வணிகத் திறத்தில் கோதைநாயகிக்கு இணையாகச் சொல்ல அக்காலத்தில் ஒரு சிலரே உண்டு. இலக்கிய வரலாறுகள் அவரைப் பல காலம் ஓரிரு வரிகளில் கடந்துபோனது நியாயமற்றது.

இந்தக் காலம் முழுக்க நூல் பிறந்த விதத்தையும் பார்க்க வேண்டும். கம்பாசிட்டர் அறைப்பெட்டியிலிருந்து ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோப்பார். சிறிய அச்சகத்தில் இரண்டு மூன்று ஃபாரத்துக்குத்தான் எழுத்து இருக்கும். ஒரு ஃபாரம் என்பது பெரும்பாலும் 16 பக்கம். முதல் ஃபாரத்தைக் கோத்து, புரூஃப் எடுத்து, ஆசிரியர் திருத்தி, ஓட்டி முடித்த பிறகு எழுத்துகளைப் பிரித்துப் பெட்டியில் போட்டால்தான் அடுத்ததைக் கோக்க முடியும். அதனால் நூல் முடிய மாதக்கணக்கில் ஆகும். எழுத்தைப் பிரித்துவிட்டால் மறுபடி நூறு பிரதி வேண்டுமென்றாலும் முதலிலிருந்து கோக்க வேண்டும். ஆகவே முதல் முறையிலேயே ஆயிரம், ஆயிரத்து இருநூறு என்று அடித்துவிடுவார்கள். விற்காத கட்டுகள் ஆசிரியர் வீட்டுப் பரணுக்குப் போகும்.

அந்தக் கட்டுகளைத் தோளில் தூக்கிக்கொண்டு புறப்பட்டவர் சி.சு.செல்லப்பா. 1959 ஜனவரியில் ‘எழுத்து’ இதழைத் தொடங்கி 1970 வரை நடத்திய அவர், எழுத்து பிரசுரம் என்ற பெயரில் தம் நூல்களோடு மற்றவர்கள் நூல்களையும் போட்டார். ‘வாடிவாசல்’, ந.பிச்சமூர்த்தியின் ‘காட்டு வாத்து’, ‘புதுக்குரல்கள்’ தொகுப்பு ஆகியவை அந்த முத்திரையுடன் வந்தவை. கடைக்காரர்கள் எடுத்துக்கொள்ளத் தயங்கியதால் கல்லூரி கல்லூரியாக, ஊர் ஊராகப் பையைச் சுமந்து போய் விற்றார். ‘சுதந்திர தாகம்’ என்ற மூன்று பாக நாவலை எண்பது வயதைத் தாண்டிய பிறகு 1997இல் தாமே வெளியிட்டார், 1998இல் காலமானார். 2001இல் அந்த நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது அறிவிக்கப்பட்டது. தமிழ் நவீனத்துவத்தின் கணிசமான பகுதி இப்படி ஒரு மனிதரின் தோளில் ஏறி வாசகரிடம் போயிற்று. மதுரையில் ஜி.நாகராஜன் ‘குறத்தி முடுக்கு’ குறுநாவலைப் பித்தன் பட்டறை என்ற தம் சொந்தப் பெயர்ப்பலகையில் வெளியிட்டார். அந்தக் கதையைத் தொட வேறு எந்தப் பதிப்பாளர் அன்று துணிந்திருப்பார் என்று சொல்வது கடினம்.

யாழ்ப்பாணத்தில் சலூன் தொழிலாளியாக இருந்து எழுத்தாளரான டொமினிக் ஜீவா, ‘மல்லிகை’ இதழை 1966இல் தொடங்கித் தெருத்தெருவாக நடந்து விற்றார்; பின்னர் மல்லிகைப்பந்தல் என்ற பெயரில் நூல்களும் போட்டார். ஈழத்தில் பெரிய பதிப்பகங்கள் குறைவு என்பதால் ஆசிரியர் கைக்காசில் நூல் போடுவதே அங்கே இயல்பான நடைமுறை. செலவை மீட்கும் இடம் வெளியீட்டு விழா. ஊர்ப் பெரியவர் ஒருவர் முதற்பிரதியைப் பெறுவார். உறவினரும் நண்பர்களும் சிறப்புப் பிரதிகளை உறையில் பணம் வைத்து வாங்குவார்கள். புலம்பெயர்ந்தவர்கள் இந்த வழக்கத்தை டொராண்டோவுக்கும் லண்டனுக்கும் கொண்டுபோனார்கள். உ.வே.சா. வாங்கிய கையொப்பத்தின் உறவுமுறை இதில் தெரிகிறது.

தமிழ்நாட்டில் 1948ஆம் ஆண்டு நூலகச் சட்டத்துக்குப் பிறகு பொது நூலகங்களுக்கு நூல் வாங்க அரசு தரும் நூலக ஆணை பதிப்புத் தொழிலின் உயிர்நாடியாயிற்று. ஆணை கிடைத்தால் அச்சுச் செலவு திரும்பும். கிடைக்காவிட்டால் கட்டுகள் வீட்டில். தனி ஆசிரியர்கள் அந்த வரிசையில் பெரும்பாலும் கடைசியில் நின்றார்கள். 1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி ஆண்டுக்கொரு சந்தையைத் தந்தாலும், ஒரே ஒரு நூல் வைத்திருப்பவர் கடை எடுக்க முடியாது. தெரிந்த பதிப்பகத்தின் அரங்கில் பத்துப் பிரதி வைத்துவிட்டு, விற்றதற்குக் கணக்குப் பார்க்க வேண்டியதுதான். கடைக்காரர் கழிவாக விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுவதும் உண்டு.

தொழில்நுட்பம் மாறியது 1980களின் இறுதியில். கணினியில் தட்டச்சு செய்து லேசர் பிரிண்ட் எடுத்து ஆஃப்செட்டில் அடிக்கும் முறை வந்ததும் ஈய எழுத்து மறைந்தது. ஆனால் ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தனித்தனிக் குறியாக்கம் வைத்திருந்ததால், ஒரு கணினியில் அடித்தது இன்னொன்றில் புரியாத குறிகளாகத் திறக்கும். 1999 தமிழ்இணைய மாநாடு விசைப்பலகையையும் குறியாக்கத்தையும் ஒழுங்குபடுத்த முயன்றது. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியாக்கம் பரவிய பின்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் அதை ஏற்கவில்லை. ஆசிரியர் யூனிகோடில் தந்ததைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும். அதைத் தேடித் திருத்துவதே தனி வேலை. 2012இல் இன்டிசைன் என்ற வடிவமைப்பு மென்பொருள் இந்திய மொழிகளுக்கு இடம் தந்த பிறகுதான் இந்தத் தொல்லை படிப்படியாகக் குறைந்தது.

அட்டைக்கும் ஒரு வரலாறு உண்டு. சிறுபத்திரிகைக்காரர்களுக்கும் புதிய பதிப்பாளர்களுக்கும் ஓவியர் ஆதிமூலம் எழுதிக் கொடுத்த தலைப்பெழுத்துகள், கைக்காசில் வந்த நூலுக்கும் கம்பீரம் உண்டு என்று காட்டின. இன்று அட்டையைத் தாமே கணினியில் செய்யும் ஆசிரியர்கள் அதிகம் தடுக்கி விழுவது நூலின் முதுகில். 192 பக்க நூல் என்றால் 12 ஃபாரம், 96 தாள். 80 ஜிஎஸ்எம் தாளில் முதுகு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வரும்; தாளின் தடிமன் கூடினால் அதுவும் கூடும். பக்கக் கணக்கும் தாளும் முடிவாகும் முன் அட்டையை முடித்துவிட்டால், முதுகில் இருக்க வேண்டிய தலைப்பு முன்னட்டைக்கு நழுவும். அலமாரியில் முதுகு மட்டுமே தெரியும் என்பதால் இது விற்பனையையும் தொடும்.

2016 டிசம்பரில் அமேசானின் மின்னூல் தளமான கிண்டில் தமிழை ஏற்றது. 2018இல் அமேசான் நடத்திய ‘பென் டு பப்ளிஷ்’ போட்டியில் தமிழும் சேர்ந்தது. பதிப்பகத்தின் வாசலை மிதிக்காத பலர் நாவலை நேரே மின்னூலாக ஏற்றினார்கள். இல்லத்தரசிகளும் ஓய்வுபெற்ற ஊழியர்களும் அவர்களில் உண்டு. விலையில் 70 சதவீதம் வரை ஆசிரியருக்கு என்பது தமிழ் உலகம் கேட்டிராத கணக்கு. இந்திய விற்பனையில் அந்த விகிதம் வேண்டுமானால் மின்னூலை வேறெங்கும் தராமல் கிண்டிலுக்கே ஒப்படைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே வந்தது. அச்சு நூலுக்கு டிஜிட்டல் எந்திரங்கள் முப்பது, ஐம்பது பிரதி போடும் வசதியைத் தந்தன. 2012இல் சென்னையில் தொடங்கிய நோஷன் பிரஸ் போன்ற நிறுவனங்கள் அதையே தொழிலாக்கின. முன்பதிவை வாட்ஸ்அப்பில் அறிவித்து, பணத்தை ஜிபேயில் வாங்கி, கூரியரில் அனுப்புவது இன்றைய கையொப்ப முறை. பரண் நிரம்புவதில்லை. ஆனால் ஐம்பது பிரதிகளும் தெரிந்தவர்களுக்குள்ளேயே சுற்றி நின்றுவிடுவதும் நடக்கிறது.

சட்டத்தின் பார்வையில் சுயபதிப்பாளரும் பதிப்பாளர்தான். ஐஎஸ்பிஎன் எண்ணை டெல்லியிலுள்ள ராஜா ராம்மோகன் ராய் முகமை இலவசமாகத் தருகிறது, விண்ணப்பம் இணையத்திலேயே. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமரா உள்ளிட்ட நூலகங்களுக்கும் பிரதி அனுப்ப வேண்டும். இதைச் செய்யத் தவறுபவர்கள் மிகுதி. முன்னூறு பிரதி அடித்த நூல் இருபது ஆண்டில் தடமின்றிப் போய்விடும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஊர்களில் சிறிய அளவில் அச்சான எத்தனையோ நூல்கள் அந்தத் தீயோடு போயின. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், வீட்டு அலமாரிகளில் தப்பிக் கிடந்த ஈழத்து வெளியீடுகளைத் தேடி எடுத்து, மின்வருடி இணையத்தில் இலவசமாக வைத்து வருகிறது. ஆசிரியர்கள் கைக்காசில் போட்ட கவிதைத் தொகுப்புகளும், கோயில் மலர்களும், பாடசாலை நினைவிதழ்களும் அந்தச் சேகரத்தில் அடங்கும்.