திரையிலிருந்து தீம் பார்க்குக்கு: டிஸ்னி தொடங்கிவைத்த வழி

அனிமேஷன் படத்தின் கதைமாந்தர்களைத் தொலைக்காட்சித் தொடரிலும் தீம் பார்க்கிலும் தொடர்ந்து வாழவைக்கும் முறை, 1954-55 ஆண்டுகளில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உருப்பெற்றது. தொடங்கிவைத்தவர் வால்ட் டிஸ்னி. இன்று இதைப் பெரிய வணிகத் தந்திரமாகப் பாடம் நடத்துகிறார்கள். உண்மையில் கையில் காசில்லாத நெருக்கடியில்தான் இந்த முறை பிறந்தது.

1937 டிசம்பரில் வெளிவந்த 'ஸ்னோ ஒயிட்' டிஸ்னிக்குப் பெரும் வருமானம் தந்தது. ஆனால் 1940-இல் வந்த 'பினோக்கியோ', 'பேன்டேசியா' இரண்டும் போட்ட முதலை எடுக்கவில்லை; உலகப்போரால் ஐரோப்பியச் சந்தை மூடிக்கிடந்தது. 1950-இல் 'சிண்ட்ரெல்லா' வந்த பிறகே ஸ்டுடியோ மூச்சு விட்டது. அப்போதுதான் வால்ட் ஒரு பூங்கா கட்டவேண்டும் என்றார். கணக்கைப் பார்த்துக்கொண்ட அண்ணன் ராய் தயங்கினார். வால்ட் தன் ஆயுள் காப்பீட்டின் பேரில் கடன் வாங்கி, 1952-இல் பூங்காவை வடிவமைக்க 'வெட்' என்ற தனி நிறுவனம் தொடங்கினார்.

அக்காலத்தில் ஹாலிவுட் ஸ்டுடியோக்களுக்குத் தொலைக்காட்சி பகையாளி. வீட்டிலேயே படம் பார்த்தால் தியேட்டருக்கு யார் வருவார்கள் என்ற அச்சம். வால்ட் அந்தப் பகையாளியிடமே பணம் கேட்டார். பெரிய நெட்வொர்க்குகளுக்கு டிஸ்னியின் நிகழ்ச்சி வேண்டியிருந்தது, பூங்கா வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது இடத்தில் தடுமாறிக்கொண்டிருந்த ஏபிசி இரண்டுக்கும் சம்மதித்தது: 5 லட்சம் டாலர் முதலீடு, 45 லட்சம் டாலர் கடனுக்கு உத்தரவாதம். அதற்கு ஈடாக வாரந்தோறும் ஒரு மணி நேர நிகழ்ச்சியும், பூங்காவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும் அதற்குக் கிடைத்தன.

1954 அக்டோபர் 27 அன்று ஒளிபரப்பான அந்த நிகழ்ச்சியின் பெயரே 'டிஸ்னிலேண்ட்'. பூங்காவின் பகுதிகளுக்கு வைக்கவிருந்த பெயர்களையே நிகழ்ச்சியின் பிரிவுகளுக்கும் வைத்தார்கள். கட்டட வேலை எந்த அளவில் இருக்கிறது என்று வால்ட்டே திரையில் வந்து காட்டினார். அஸ்திவாரம் எழும்போதே நாடு முழுக்கப் பிள்ளைகளுக்குப் பூங்கா பழகிப்போனது. அந்த நிகழ்ச்சியில் வந்த 'டேவி கிராக்கெட்' கார்ட்டூன் அல்ல, ஆள் நடித்த கதை. அந்த நாயகனின் ரோமத் தொப்பிக்குக் கடைகளில் அடிதடி. அந்தக் கதையின் மூன்று பகுதிகளையும் சேர்த்து 1955-இல் தியேட்டரில் படமாகவே வெளியிட்டார்கள்.

அனாஹைமில் 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோப்பில் எழுந்த பூங்கா 1955 ஜூலை 17 அன்று நேரடி ஒளிபரப்போடு திறந்தது. செலவு 1 கோடியே 70 லட்சம் டாலர். அன்று கள்ள டிக்கெட்டில் கூட்டம் நுழைந்தது. புதிதாகப் போட்ட தார் வெயிலில் இளகிச் செருப்பைப் பிடித்தது. குழாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் குடிநீருக்குத் தட்டுப்பாடு. ஆயினும் இரண்டு மாதத்துக்குள் பத்து லட்சம் பேர் வந்துபோனார்கள். ஏபிசியின் பங்கை 1960-இல் டிஸ்னி 75 லட்சம் டாலர் கொடுத்துத் திரும்ப வாங்கினார். 35 ஆண்டுகள் கழித்து அந்த நெட்வொர்க்கையே வாங்கப்போவதாக டிஸ்னி நிறுவனம் அறிவித்தது.

இந்தப் பூங்காவைக் கட்டியவர்களைப் பற்றிப் போதுமான அளவு பேசப்படுவதில்லை. கென் ஆண்டர்சன், கிளாட் கோட்ஸ் போன்றோர் ஸ்டுடியோவில் படங்களுக்குக் காட்சி வடிவமைத்தவர்கள். ஒரு காட்சியிலிருந்து அடுத்த காட்சிக்குப் போவதுபோலவே சவாரிகளையும் அமைத்தார்கள். ஸ்னோ ஒயிட் சவாரியில் முதலில் ஸ்னோ ஒயிட்டே கிடையாது. வண்டியில் ஏறுபவர்தான் அவள், சூனியக்காரி துரத்துவது அவரைத்தான் என்பது திட்டம். வந்தவர்களுக்கு அது பிடிபடவில்லை, அவள் எங்கே என்று கேட்டார்கள். 1983-இல் புதுப்பித்தபோது அவள் உருவத்தைச் சேர்த்தார்கள். முதல் திட்டமே துணிச்சலானது என்பது என் எண்ணம். பூங்காவின் நடுவே நிற்கும் 'ஸ்லீப்பிங் பியூட்டி' கோட்டை, அந்தப் படம் வருவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே எழுந்துவிட்டது. 1967-இல் திறந்த 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' சவாரியோ 2003-இல் திரைப்படமானது.

தொலைக்காட்சியில் இரண்டாம் அலை 1980-களில் எழுந்தது. 1985-இல் 'கம்மி பேர்ஸ்', 1987-இல் 'டக்டேல்ஸ்'. தமிழ்நாட்டில் 1990-களில் வளர்ந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை தூர்தர்ஷனில் 'டக்டேல்ஸ்' பார்த்தது இந்தியில். பிறகு படங்களே தொடர்களாக நீண்டன: 1992-இல் 'தி லிட்டில் மெர்மெய்ட்', 1994-இல் 'அலாவுதீன்', 1995-இல் 'டிமோனும் பும்பாவும்'. 'அலாவுதீன்' படத்தின் இரண்டாம் பாகமான 'ரிட்டர்ன் ஆஃப் ஜாஃபர்' 1994-இல் தியேட்டருக்கே வராமல் நேராக வீடியோ கேசட்டில் வந்தது. பூதத்துக்குக் குரல் கொடுத்த ராபின் வில்லியம்ஸ் அதில் இல்லை. கேசட் நன்றாக விற்றது. அந்த விற்பனைதான் கேட்டை இழுத்துவந்தது. அடுத்த பத்தாண்டில் ஒன்றன்பின் ஒன்றாக வந்த தொடர்ச்சிகளில் கோடு மெலிந்தது, கதை நீர்த்தது. வீடியோவுக்கென்று தொடங்கிய 'டாய் ஸ்டோரி 2'வைத் தியேட்டர் படமாக மாற்றிய பிக்ஸார், பிறகு கதையையும் மறுபடி எழுதி 1999-இல் வெளியிட்டது. தொடர்ச்சி என்பதற்காகத் தரத்தைக் குறைக்க வேண்டியதில்லை என்பதற்கு அந்தப் படமே சான்று.

டிஸ்னியின் போட்டி ஸ்டுடியோவான ட்ரீம்வொர்க்ஸுக்கு அப்போது சொந்தமாகச் சேனலும் இல்லை, பூங்காவும் இல்லை. 'மடகாஸ்கர்' படத்தின் பென்குயின்கள் நிக்கலோடியனில் தொடராயின. 'ஷ்ரெக்' 2003-இல் யூனிவர்சல் பூங்காக்களுக்குள் நுழைந்தது. தமிழர்கள் பலரும் சுற்றிப்பார்த்திருக்கும் சிங்கப்பூர் செந்தோசாவின் யூனிவர்சல் பூங்காவிலும் இந்த இரண்டு படங்களுக்கும் தனித்தனிப் பகுதிகள் இருந்தன; 'மடகாஸ்கர்' பகுதி 2022-இல் மூடப்பட்டது. 2016-இல் யூனிவர்சலின் தாய் நிறுவனம் ட்ரீம்வொர்க்ஸை 380 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது.

ஜப்பானின் கிப்லி ஸ்டுடியோ வேறு பாதையில் நடந்தது. 'மை நெய்பர் டோட்டோரோ'வைத் தொடராக இழுக்கவில்லை. 2001-இல் மிட்டாகாவில் அருங்காட்சியகம் திறந்தது. 2022 நவம்பரில் ஐச்சி மாநிலத்தில் திறந்த கிப்லி பூங்காவில் ராட்சத சவாரிகள் கிடையாது. டோட்டோரோ படத்துச் சிறுமிகளின் வீடு அங்கே நிற்கிறது. 2005 உலகக் கண்காட்சிக்காகக் கட்டியது. அலமாரியைத் திறந்தால் உள்ளே துணிமணி இருக்கும். டிஸ்னியின் எத்தனையோ கேசட் தொடர்ச்சிகளைவிட அந்த ஒரு வீடு மூலப்படத்துக்கு அதிக மரியாதை செய்திருக்கிறது.