பேருந்தில் ஏறிய வரலாறு

கல்வி என்றவுடன் பள்ளிக்கூடம், ஆசிரியர், புத்தகம் ஆகிய மூன்றையே நாம் எண்ணிப் பழகியிருக்கின்றோம். நான்காவதாக ஒன்று உண்டு. அது பள்ளிக்குச் செல்லும் வழி. வழியில்லாத ஊரில் பிறந்த பிள்ளைக்குப் பள்ளி இருந்தும் பயனில்லை. நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள் என்று கணக்கிட்டு மகிழ்கின்றோம். மகிழத்தான் வேண்டும். ஆயினும், அவர்கள் எந்த வழியே வந்து படித்தார்கள், அந்த வழி அவர்களுக்கு எப்படித் திறந்தது என்பதையும் நம் இளைஞர்கள் அறிந்துகொள்வது நன்று. அதன்பொருட்டே பேருந்தின் வரலாற்றை இங்கு வரைகின்றோம்.

திருச்செங்கோட்டுக்கு இருப்புப்பாதை இல்லை. சேலத்திலிருந்து ஈரோடு செல்லும் பாதை சங்ககிரி, ஆனங்கூர் வழியாக நம்மை விட்டு விலகியே செல்கிறது. ஆதலால் ஈரோட்டுக்கோ, நாமக்கல்லுக்கோ, சேலத்துக்கோ செல்ல வேண்டுமாயின் பேருந்தே நமக்குத் துணை. இதே ஊரில்தான் லாரிகளுக்குக் கூண்டு கட்டுகிறார்கள். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் இங்கிருந்து புறப்பட்டு வடநாடெங்கும் செல்கின்றன. நாடு முழுவதற்கும் வண்டி அனுப்பும் வட்டாரத்தில், ஒரு காலனிப் பிள்ளை காலை எட்டரை மணிக்குப் பேருந்து கிடைக்காமல் நிற்குமாயின், அது வண்டிப் பஞ்சத்தால் வந்த குறை ஆகாது. வண்டி யாருக்காக ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்பதே கேள்வி. இக்கேள்வி புதியதன்று, ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வயதுடையது.

கட்டை வண்டிக் காலம்

1901ஆம் ஆண்டு. அண்ணல் அம்பேத்கர் அப்போது ஒன்பது வயதைக் கடந்த சிறுவர். சத்தாராவில் படித்துக்கொண்டிருந்த அவர், கோரேகானில் காசாளராகப் பணியாற்றிய தந்தையாரைக் காணத் தம் தமையனாருடனும் தமக்கையின் மக்களுடனும் புறப்பட்டார். மசூர் நிலையத்தில் இரயிலை விட்டு இறங்கினார்கள். இரயில் அவர்களை ஏற்றிக்கொண்டது. அதற்கப்பால் செல்ல வேண்டிய மாட்டு வண்டி ஏற்க மறுத்தது. இவர்கள் மகர் குலத்துப் பிள்ளைகள் என்று தெரிந்ததும் நிலைய அதிகாரியின் முகம் மாறிற்று. இரட்டைக் கூலி தருவதாகச் சொல்லியும் வண்டிக்காரர் எவரும் முன்வரவில்லை. முடிவில் ஒருவர் இசைந்தார். இரட்டைக் கூலியும் வேண்டும், வண்டியைப் பிள்ளைகளே ஓட்டவும் வேண்டும், தாம் பக்கத்தில் நடந்து வருவார் என்பது ஏற்பாடு.

இருபத்தெட்டு ஆண்டுகள் கழிந்தன. அயல்நாடுகளில் உயர்கல்வி பெற்று, பாரிஸ்டராகி, 1929இல் பம்பாய் அரசு அமைத்த குழுவின் உறுப்பினராக அண்ணல் சாலிஸ்கானில் வந்து இறங்கினார். அங்கும் குதிரை வண்டிக்காரர்கள் அவரை ஏற்றிச் செல்ல மறுத்துவிட்டார்கள். வண்டியை மட்டும் வாடகைக்கு வாங்கி, ஓட்டிப் பழக்கமில்லாத நம்மவர் ஒருவரே ஓட்டினார். வழியில் ஒரு பாலத்தின்மேல் வண்டி விபத்துக்குள்ளாகி, அண்ணல் கற்பாவிய தரையில் தூக்கி எறியப்பட்டார். இவ்விரு நிகழ்ச்சிகளையும் அவரே எழுதி வைத்திருக்கின்றார். படிப்பு ஒன்றே போதும், வழி தானே திறக்கும் என்று எண்ணுவோர் இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். படிப்பு அவரை உயர்த்தியது; வண்டிக்காரனின் மனத்தை அது மாற்றவில்லை. அதை மாற்றச் சட்டமும் அதிகாரமும் வேண்டியிருந்தன.

மோட்டார் வந்தது

தென்னாட்டில் முதல் இரயில் 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. ஐரோப்பியருக்கெனத் தனிப் பெட்டிகள் வைத்த இரயில் நிர்வாகம், நம் நாட்டு மக்களைச் சாதிவாரியாகப் பிரித்து அமர்த்தவில்லை. சீட்டு வாங்கியவர் மூன்றாம் வகுப்பில் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. எத்தனையோ தலைமுறையாகத் தூர நிறுத்தப்பட்டவருக்கு அந்த நெரிசலே ஒரு நன்மையாக அமைந்தது.

மோட்டார் பேருந்தின் கதை வேறு. கொங்கு நாட்டில் ஜி. டி. நாயுடு 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்தை ஓட்டத் தொடங்கினார். அதே காலத்தில் மாகாணமெங்கும் தனியார் பேருந்துகள் பெருகின. பேருந்தின் உரிமையாளரும் நடத்துநரும் அந்தந்த ஊர்க்காரர்கள். ஊரின் வழக்கமெல்லாம் அவர்களோடு பேருந்திலும் ஏறிக்கொண்டது. ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பேருந்துகள் பல இருந்தன. ஏற்றினாலும் அமரவிடாமை இருந்தது. இருக்கை காலியாக இருந்தும் நின்றே வந்ததையும், ஊர்ப் பெரியதனக்காரர் ஏறியதும் எழுந்து இடம் விட்டதையும் நம் பெரியவர்கள் சொல்ல நாம் கேட்டிருக்கின்றோம்.

இதற்கு முதல் அடி கொடுத்தவர்களுள் ஒருவர் பட்டிவீரன்பட்டி டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியனார். 1929இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவர். இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் பறிக்கப்படும் என்று உத்தரவிட்டார். அவர் மேடையேறி அறிவுரை கூறியதோடு நிற்கவில்லை என்பதை இளைஞர்கள் கவனிக்க வேண்டும். உரிமம் போர்டின் கையில் இருந்தது. அந்தக் கையை அவர் பயன்படுத்தினார். ஓர் அதிகாரி தம் நாற்காலிக்குரிய அதிகாரத்தை நியாயத்தின் பக்கம் சாய்த்தால் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு இது சான்று.

சட்டத்தின் படிகள்

சட்டமும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. பொதுச் சாலைகளும் கிணறுகளும் அலுவலகங்களும் எல்லா வகுப்பாருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசனார் 1924இல் சென்னைச் சட்ட மன்றத்தில் கொண்டுவந்தார். சாலையில் நடக்கும் உரிமை முதற்படி. அடுத்த படிக்குப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. 1938இல் எம். சி. ராஜா அவர்கள் கொண்டுவந்த குடிமை உரிமைத் தடைகளை நீக்கும் சட்டம் நிறைவேறிற்று. பொதுக் கிணறு, சாலை, பொது ஊர்தி முதலியவற்றில் நம்மைத் தடுப்பது சட்டவிரோதமாயிற்று. அப்போது மாகாணப் பிரதமராக இருந்தவர் இராஜாஜி. நம் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925இல் காந்தி ஆசிரமம் நிறுவி, தீண்டாமை ஒழிப்பை அதன் பணிகளுள் ஒன்றாக வைத்தவரும் அவரே.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதை மீறுவோருக்குத் தண்டனை விதிக்க 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. பொது ஊர்தியைப் பயன்படுத்துவதைத் தீண்டாமை காரணமாகத் தடுப்பது குற்றம் என்று அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு வெளிப்படையாகவே கூறுகின்றது. 1976இல் இச்சட்டம் திருத்தப்பட்டு, குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் பெற்றது. ஒரு மாதத்திற்குக் குறையாமலும் ஆறு மாதத்திற்கு மேற்படாமலும் சிறைத் தண்டனையும், அதனுடன் அபராதமும் உண்டு. 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்து சேர்ந்தது.

கடல் கடந்த ஒரு சான்று

நம் நாட்டில் இச்சட்டம் வந்த அதே 1955ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரில் ரோசா பார்க்ஸ் என்னும் தையல் தொழிலாளி பேருந்தில் வெள்ளையருக்கு இடம் விட்டு எழ மறுத்தார். கைது செய்யப்பட்டார். டிசம்பர் 5 முதல் அந்நகரின் கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறுவதையே நிறுத்தினார்கள். 381 நாட்கள் வேலைக்கும் பள்ளிக்கும் நடந்தார்கள். கார் வைத்திருந்தோர் மற்றவரை ஏற்றிச் சென்றார்கள். பயணிகளில் பெரும்பகுதியினர் அவர்களே ஆதலால் பேருந்து நிறுவனத்தின் வருவாய் சரிந்தது. மறுபுறம் வழக்கும் நடந்தது. 1956 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பேருந்தில் இனப் பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பை உறுதி செய்தது. அவர்களை வழிநடத்திய மார்ட்டின் லூதர் கிங்குக்குப் போராட்டம் தொடங்கியபோது வயது இருபத்தாறு. வென்றது கோபத்தால் மட்டும் அன்று. நாள்தோறும் யார் யாரை எங்கே ஏற்றிச் செல்வது என்று அமர்ந்து கணக்கிட்ட ஒழுங்கும் அவ்வெற்றியில் பங்கு கொண்டது.

அரசுப் பேருந்தும் ஒரு பெயரும்

தமிழ்நாட்டில் பெரிய தனியார் பேருந்து நிறுவனங்கள் நாட்டுடைமையாக்கப்பட்டு, 1972 முதல் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் தோன்றின. சென்னையில் பல்லவன், மதுரையில் பாண்டியன், கோவையில் சேரன் என்று பெயர்கள் அமைந்தன. சேலத்தில் 1973இல் அண்ணா போக்குவரத்துக் கழகம் தொடங்கிற்று. அரசுப் பேருந்தின் வருகையால் நமக்கு இரு நன்மைகள் கிட்டின. இலாபம் குறைந்த கிராமத் தடங்களுக்கும் பேருந்து வந்தது. ஓட்டுநர், நடத்துநர் பணிகளில் இடஒதுக்கீட்டின் வழியே நம் பிள்ளைகளும் அமர்ந்தார்கள். ஒரு காலத்தில் ஏற்ற மறுத்த படிக்கட்டின் அருகில் நம்மவரே சீட்டுப் பையுடன் நின்றார்கள்.

ஆனால் 1997ஆம் ஆண்டு நிகழ்ந்ததை மறத்தல் ஆகாது. வீரபாண்டிய கட்டபொம்மனின் படையில் போரிட்டு மாண்ட வீரன் சுந்தரலிங்கம் பெயரில் விருதுநகர் மாவட்டத்திற்கென ஒரு போக்குவரத்துக் கழகம் அமைக்கப்பட்டது. கட்டபொம்மன் பெயர் தாங்கிய பேருந்தில் பல்லாண்டு பயணம் செய்தவர்கள், அவன் படைத்தலைவன் பெயர் தாங்கிய பேருந்தில் ஏற மாட்டோம் என்றார்கள். காரணம், அவ்வீரன் பிறந்த குலம். கலவரம் மூண்டது. முடிவில் அரசு எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் மாவட்டங்களிலிருந்தும் கழகங்களிலிருந்தும் நீக்கியது. தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற ஒரே பெயர் அப்படித்தான் வந்தது. அதே 1997 ஜூன் 30 அன்று, மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் வந்தோரும் பேருந்தில் ஊர் திரும்பும்போது வழிமறித்துக் கொல்லப்பட்டனர். சட்டம் வந்து நாற்பதாண்டு கடந்த பின்னும் பேருந்து எத்தகைய களமாக இருந்தது என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் காட்டுகின்றன.

இன்றைய நிலை

இன்று ‘ஏறாதே’ என்று சொல்வார் இல்லை. தடை வேறு வடிவில் நிற்கின்றது. ஊர் நிறுத்தத்தில் நிற்கும் பேருந்து காலனி நிறுத்தத்தில் வேகம் குறையாமல் செல்வது. காலை நடையில் ஒன்று காரணமின்றி நின்றுபோவது. மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்த பிள்ளைக்குக் கடைசிப் பேருந்து தப்பிவிடுவது. இலவச அட்டை வைத்திருக்கும் மாணவரைக் கண்டால் தள்ளிப் போய் நிறுத்துவது. உள்ளே இடமின்றிப் பிள்ளைகள் படியில் தொங்குவது. இவற்றுள் எதையும் தீண்டாமை என்று எளிதில் மெய்ப்பிக்க இயலாது. ஆயினும் இழப்பு யாருடையது என்பதை நம் பள்ளி வருகைப் பதிவேடு சொல்லும். முதல் பாடவேளைக்கு நாள்தோறும் பிந்தி வரும் மாணவர் எந்த ஊரார் என்று பார்த்தால், பேருந்து குறைந்த ஊர்களின் பட்டியல் தானே கிடைத்துவிடும்.

இவ்விழப்பின் பெரும்பங்கு பெண் பிள்ளைகளுடையது. பத்தாம் வகுப்பு வரை அருகில் படித்தவள், மேல்நிலைக்குத் தொலைவு செல்ல வேண்டிய நிலையில், இருட்டிய பின் சாலையில் இறங்கி நடக்க வேண்டுமே என்று பெற்றோர் அஞ்சி நிறுத்திவிடுகின்றனர். அவர்களைக் குறை கூறுவதில் பயனில்லை. மாலை ஆறு மணிக்கு ஒரு பேருந்து வந்தால் அந்த அச்சம் பாதி தீரும். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வழங்கப்பட்டது. கூலி வேலைக்குச் செல்லும் நம் தாய்மாருக்கு இது பேருதவி. ஆனால் நகரப் பேருந்தே வராத ஊரில் இச்சலுகை காகிதத்தில்தான் இருக்கும். அத்தகைய ஊர்களுக்கென 1997இல் தொடங்கிய சிற்றுந்துத் திட்டம், 2025 ஜூனில் விரிவுபடுத்தப்பட்டுள்ளது. எந்தத் தடம் வேண்டும் என்று கேட்பவர் குரலே இங்கு முதலில் எட்டும். நாம் கேட்க வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, எழுதி வைத்தல். ‘பேருந்து ஒழுங்காக வருவதில்லை’ என்ற முறையீட்டுக்கு எந்த அலுவலகத்திலும் மதிப்பில்லை. எந்த நாள், எந்தத் தடம், எந்த நேரம், வண்டி எண் என்ன, நிறுத்தத்தில் எத்தனை மாணவர் நின்றனர் என்று ஒரு மாதம் குறித்த நோட்டுக்கு மதிப்பு உண்டு. மேல்நிலை வகுப்பு மாணவர் இருவர் இதைச் செய்துவிடலாம்.

இரண்டாவது, உரிய இடத்தில் கேட்டல். அரசுப் பேருந்தாயின் கிளை மேலாளருக்கும் கழகத்துக்கும் எழுத வேண்டும். தனியார் பேருந்தாயின், தடமும் நேரமும் நிறுத்தமும் உரிமத்தின் நிபந்தனைகள். அவற்றை மீறினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முறையிடலாம். திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கின்றது. மனு கொடுத்தவர் ஒப்புகை பெற்றுப் பத்திரப்படுத்துதல் வேண்டும்.

மூன்றாவது, கிராம சபை. குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் ஆகிய நாட்களில் கூடும் சபையில் நிறுத்தமும் நிழற்குடையும் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். நம்மவர் பலர் அச்சபைக்குச் செல்வதே இல்லை. செல்லாதவர் பெயரில் தீர்மானம் எழுதுவார் எவரும் இலர்.

நான்காவது, சாதி காரணமாகவே தடுக்கப்பட்டதற்குச் சாட்சி இருக்குமாயின், சட்டத்தை நாடத் தயங்குதல் கூடாது. சாட்சி இல்லாதவிடத்து வீண் சச்சரவில் இறங்கிப் படிப்பைக் கெடுத்துக்கொள்வதும் கூடாது. இவ்விரண்டையும் பிரித்தறிவதற்கே கல்வி.

இளைஞர்களே! மசூரில் வண்டி கிடைக்காமல் நின்ற சிறுவர் பின்னாளில் நாட்டின் சட்டத்தையே எழுதினார். அவர் எழுதிய சட்டம் நம் கையில் இருக்கின்றது. அதை நம் ஊர் நிறுத்தத்துக்குக் கொண்டுவருவது நம் வேலை. சங்கத்தின் ஒவ்வொரு கிளையும் வருகிற கல்வியாண்டின் முதல் மாதத்தில் தன் ஊருக்கு வரும் பேருந்துகளைக் குறித்து, சங்கத்துக்கு அனுப்ப வேண்டுமெனக் கேட்டுக்கொள்கின்றோம். எல்லாக் குறிப்பேடுகளும் சேர்ந்ததும் ஒரே மனுவாக ஆட்சியரிடம் அளிக்கலாம். குறிப்பேட்டுக்கு வேண்டிய நோட்டுகளைச் சங்க அலுவலகத்தில் பெற்றுக்கொள்க.